புரட்டாசியில் பிரான்ஸ்: ரொட்டிக் கடைகளை நம்பி ஒரு பயணம்

அக்டோபர் 4, சனிக்கிழமை – சார்செல்

புரட்டாசி மாதத்தில் பிரான்ஸுக்கு டிக்கெட் போட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. என் மனைவிக்கு இந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை மூன்றும் கிடையாது. நான் கறி, மீன் மட்டும் தொடமாட்டேன். பலகாரத்துக்குள் மறைந்திருக்கும் முட்டையைப் பெரிதாக விசாரிப்பதில்லை. "அங்க போய் என்னதான் சாப்பிடறது?" என்று விமானத்தில் கேட்டேன். "ரொட்டிதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். கடைசியில் அதுவே நடந்தது.

தங்கியிருப்பது அத்தை வீட்டில். சார்செல், பாரிஸுக்கு வடக்கே இருக்கும் புறநகர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம் மாமாவுடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அப்படிப்பட்ட புதுச்சேரிக் குடும்பங்கள் நிறைய.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா, "வாங்க மாப்ளே, ரொட்டி வாங்கிட்டு வந்துடலாம்" என்று கிளம்பினார். காலையில் ஒருமுறை வாங்கியாகிவிட்டதாம். அந்த ரொட்டி மேசை மேல் பாதி மிச்சம் இருக்கிறதே என்றேன். "அது காலை ரொட்டி" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

கடை வாசல் வரை வரிசை. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றோ இரண்டோ வாங்கிப் போகிறார்கள். எங்களுக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு ஒரு பையன். பேசாமல் விரலால் ரொட்டியைக் காட்டினான். கடைக்காரம்மா "போன்சுவார்" என்றார். பையன் மறுபடியும் விரலை நீட்டினான். "போன்சுவார்" என்றார் இன்னொரு முறை, அதே சிரிப்போடு, கையைக் கட்டிக்கொண்டு. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பையன் ஹெட்போனைக் கழற்றி வணக்கம் சொன்ன பிறகுதான் அந்தம்மாவின் கை ரொட்டிப் பக்கம் போனது. எங்கள் முறை வந்ததும் நானும் மனைவியும் கோரஸாகப் போன்சுவார் சொன்னோம்.

சாதா பாகெத், அதாவது கம்பு மாதிரி நீளமான ரொட்டி, 1 யூரோ. பக்கத்திலேயே த்ராதிசியோன் என்று ஒன்று, 1.30 யூரோ. "முப்பது சென்ட் பார்க்காதீங்க, இதைத்தான் வாங்கணும்" என்றார் மாமா. 1993இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டிருக்கிறது. அந்தப் பெயரில் விற்கிற ரொட்டியில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவ்வளவுதான் அடிப்படை. ரசாயனச் சேர்மானம் கூடாது. எந்தக் கட்டத்திலும் மாவை உறையவைக்கக் கூடாது. மனைவி அந்தப் பட்டியலை மாமாவிடம் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய்கூட இல்லை. பெருமாளே வந்து சாப்பிடலாம்.

மாமா "பியான் குயித்" என்று கேட்டு வாங்கினார். நன்றாக வெந்ததாக வேண்டுமாம். அவருக்கு அடுத்து வந்தவர் வெளுப்பாக இருப்பதைக் கேட்டார். ஒரே கூடையில் இருந்து ஆளுக்கு ஏற்றபடி பொறுக்கிக் கொடுக்கிறார்கள். ரொட்டியின் நடுவில் மட்டும் சிறிய காகிதத்தைச் சுற்றித் தருகிறார்கள். இரண்டு முனையும் வெளியே. காருக்குப் போவதற்குள் மாமா ஒரு முனையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு முனையை என்னிடம் நீட்டினார். தெருவில் பார்த்தால் முனை இல்லாத ரொட்டியோடுதான் பாதிப் பேர் போகிறார்கள்.

இரவு அத்தை வைத்த சுண்டைக்காய் வத்தக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். ரொட்டியை நான் மேசையில் மல்லாத்தி வைத்திருந்தேன் போலிருக்கிறது. மாமா பேசிக்கொண்டே அதைத் திருப்பி வைத்தார். அந்தக் காலத்தில் தூக்குப் போடுகிறவனுக்கென்று ஒதுக்கிய ரொட்டியைத்தான் தலைகீழாக வைப்பார்களாம். வீட்டில் அப்படி வைத்தால் ஆகாது. கவிழ்த்துப்போட்ட செருப்பைத் திருப்பிவிடுகிற எங்கள் அத்தை இதை இங்கே வந்ததும் கற்றுக்கொண்டுவிட்டாராம்.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை – பாரிஸ்

குளிர், ஆனால் வெயில். காலையில் ஊருக்குள் ஒரு கடையில் குரோசான் என்ற வெண்ணெய் அடுக்குப் பலகாரம் வாங்கினேன், 1.40 யூரோ. இதில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1998இல் வந்த சட்டப்படி, மாவு பிசைவதில் இருந்து சுடுவது வரை ரொட்டியை அங்கேயே செய்கிறவர்கள்தான் கடைக்கு 'புலாஞ்சுரி', அதாவது ரொட்டிக் கடை, என்று பலகை மாட்டலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ரொட்டிக்குத்தான். குரோசானுக்கு இல்லை. அதனால் அருமையாக ரொட்டி சுடுகிற கடையே குரோசானை உறைந்த பெட்டியில் வாங்கி அடுப்பில் வைத்து விற்கலாம். அத்தை மகள் சொன்ன அடையாளம்: தட்டில் இருக்கும் அத்தனையும் ஒரே அளவில், ஒரே வளைவில் இருந்தால் சந்தேகப்படு. பெரியதும் சிறியதுமாக, ஒன்றிரண்டு கோணலாக இருந்தால் வாங்கு.

நான் வாங்கியது நல்ல கோணல். பிய்த்ததும் சட்டை முழுக்கச் செதில். உள்ளே தேன்கூடு மாதிரி அடுக்கு, விரலில் வெண்ணெய். மேல் பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கிறார்கள் என்பதால் மனைவி தொடவில்லை. ரொட்டி வாங்கி, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரோடு சாப்பிட்டாள். அதிலும் குறை ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

மத்தியானம் வேறொரு கடை. பெயர் பெற்ற கடை, வரிசையில் நாற்பது நிமிடம். எலுமிச்சை மாதிரியே செய்த ஒரு இனிப்பு, ஏழு யூரோவுக்கு மேல். அதாவது எழுநூறு ரூபாய்க்கு மேல். வெட்டுவதற்கு முன்னால் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். வெட்டிய பிறகு அது ஜில்லென்று இருக்கும் ஒரு பசை. இனிப்பு சுமார்தான். அந்தக் காசுக்கு ஐந்து த்ராதிசியோன் வாங்கலாம் என்று மனைவி கணக்குச் சொன்னாள். இந்தப் பயணம் முழுக்க எந்த விலையைக் கேட்டாலும் அதை ரொட்டியில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் லா சப்பல். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, அத்தைக்குக் கறிவேப்பிலை வாங்க ஒரு மளிகைக் கடைக்குள் போனோம். நாங்கள் ரொட்டி சாப்பிட வந்த கதையைக் கேட்டதும் கடைக்கார அண்ணன் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"எங்கட பொடியன்தான் பாரிஸிலேயே திறமான பாண் எண்டு முதல் பரிசு எடுத்தவன், தெரியுமோ?"

தெரியும். தர்ஷன் செல்வராஜா. பாரிஸ் நகராட்சி ஆண்டுதோறும் நடத்துகிற பாகெத் போட்டியில் 2023இல் வென்றவர், இலங்கையில் இருந்து வந்து இங்கே வேலை கற்றுக்கொண்டவர். பரிசு 4000 யூரோ. அதோடு எலிசே மாளிகைக்கு, அதாவது பிரெஞ்சு ஜனாதிபதி வீட்டுக்கு, ஒரு வருடம் ரொட்டி கொடுக்கும் உரிமை.

"ஜனாதிபதி காலமை எழும்பி எங்கட பாண்தான் சாப்பிட்டவர்" என்றார் அண்ணன். கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மறுத்து, பிறகு பாதி வாங்கிக்கொண்டார். துனிசியா, செனகல் குடும்பங்களில் இருந்து வந்தவர்களும் இந்தப் போட்டியில் ஜெயித்திருக்கிறார்கள். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு முன்னால் நிற்கிற வேலைக்கு ஆள் கிடைப்பது எந்த ஊரிலும் கஷ்டம்தான். யார் அந்த நேரத்தில் எழத் தயாராக இருக்கிறார்களோ அவர்கள் கைக்கு அந்தத் தொழில் நகர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கடை இருபதாம் வட்டாரத்தில், எங்கள் வழியில் இல்லை.

அக்டோபர் 6, திங்கட்கிழமை – கேம்பேர்

பிரிட்டனி. பிரான்ஸின் மேற்குக் கோடி. ரயிலை விட்டு இறங்கும்போதே மழை. நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகாது. குடை தேவையா இல்லையா என்று யோசிக்க வைத்தே சட்டையை நனைத்துவிடுகிறது.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது, நல்ல பசி. தங்குமிடத்துக்கு எதிரிலேயே ரொட்டிக் கடை. கதவில் காகிதம்: திங்கள் விடுமுறை. அடுத்த தெருக் கடைக்கும் திங்கள் விடுமுறை. மூன்றாவது கடை திங்கட்கிழமையும் உண்டு, ஆனால் மத்தியான இடைவேளை. மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ரொட்டிக் கடைகள் வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் மூட வேண்டும் என்று பல மாவட்டங்களில் உத்தரவு இருக்கிறது. ஞாயிறு காலை நல்ல வியாபாரம் என்பதால் பலரும் திங்களை எடுத்துக்கொள்கிறார்கள். பயணத் திட்டம் போடுகிறவர்கள் கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பார்க்கிற அளவுக்கு இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பசி தாங்காமல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரொட்டி வாங்கினோம். பார்க்க பாகெத், தொட்டால் பஞ்சு. பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. இருந்தாலும் அங்கே போனதில் ஒரு லாபம், உப்புக் கல் போட்ட வெண்ணெய் கிடைத்தது. பிரான்ஸின் மற்ற பகுதிகளில் உப்பில்லாத வெண்ணெய்தான் வழக்கம். மன்னராட்சிக் காலத்தில் கபெல் என்ற உப்பு வரி நாட்டைப் பிழிந்தபோது பிரிட்டனிக்கு விலக்கு இருந்ததால், இங்கே உப்பை அள்ளிப் போட்டுப் பழகிவிட்டார்கள். அந்தக் காலம் போய் இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று, பழக்கம் போகவில்லை.

நாலு மணிக்கு அந்த மூன்றாவது கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றோம். அப்போதுதான் அடுப்பில் இருந்து எடுத்திருந்தார்கள். கூடையில் இருந்து சத்தம் வருகிறது: சூடு ஆற ஆற மேல் தோல் விரிசல் விட்டு, டிக் டிக்கென்று மெல்ல வெடிக்கிறது. கடையில் ரேடியோ இல்லாததால் நன்றாகக் கேட்டது.

பணம் வாங்குவதற்கு ஆள் இல்லை, மெஷின். காசைப் போட்டால் மீதியை அதுவே தருகிறது. ரொட்டி எடுக்கிற கை சில்லறையைத் தொடுவதில்லை. என் கையில் இருந்த ஐந்து யூரோ நோட்டு மழையில் நனைந்து போயிருந்ததால் மெஷின் அதை நாலு முறை துப்பியது. பின்னால் நின்ற பாட்டி தன் சில்லறையில் இருந்து எங்களுக்குப் போட்டுவிட்டு, நோட்டை வாங்கி, மீதிக் காசைத் தன் பர்ஸில் இருந்து எண்ணிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நாங்கள் ரொட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் திணிப்பதைப் பார்த்து "நோ நோ நோ" என்று தடுத்தார். பைக்குள் போட்டால் அந்தச் சூட்டிலேயே வியர்த்து ரப்பராகிவிடும் என்று சைகையில் காட்டி, தன் கோட்டுப் பொத்தானைக் கழற்றி ரொட்டியை உள்ளே செருகி மறுபடி பூட்டிக்கொண்டார். மனைவியும் அப்படியே செய்தாள். தேவாலயம் வரைக்கும் நெஞ்சு கதகதவென்று இருந்ததாம்.

சாங் கொராந்தான் தேவாலயத்தின் வாசல் வளைவுக்குக் கீழே நின்று சாப்பிட்டோம். கத்தி இல்லை, கையால்தான். மேல் தோல் கருஞ்சிவப்பு, பிளேடால் கீறின இடம் விளிம்பு தூக்கி நிற்கிறது, அந்த விளிம்பு மட்டும் கொஞ்சம் கருகல். உள்ளே வெள்ளை இல்லை, லேசான மஞ்சள். ஓட்டைகள் பெரிதும் சிறிதுமாக, சுவர் மட்டும் மினுங்குகிறது. வெண்ணெயைத் தடவியதும் உருகி ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. உப்புக் கல் மட்டும் மேலே நின்று பல்லில் நறுக்கென்றது. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம், இந்தத் தேவாலயம் நடுவில் வளைந்திருக்கும், நேராக நின்று பார்த்தாலே தெரிகிறது. ஏன் வளைந்தது என்பதற்குப் பலகையில் நீளமான விளக்கம் இருந்தது. வயிறு நிறைந்திருந்ததால் படிக்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை – துவார்னனே

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. மத்தி மீன் ஊர். அதை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள் 1924 நவம்பரில் வேலை நிறுத்தம் தொடங்கி, அடுத்த ஜனவரியில் கூலி உயர்வு வாங்கியிருக்கிறார்கள். ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கடைக்குக் கடை கலர் கலராக மத்தி டப்பா. கடலூர்க்காரனுக்குப் புரட்டாசியில் இதைவிடச் சோதனை வேண்டாம். "ஒண்ணு வாங்கிக்கோங்க, ஐப்பசியில சாப்பிடுங்க" என்று மனைவி அனுமதி கொடுத்தாள். மூன்று வாங்கினேன்.

வந்தது க்வீன் அமான் என்ற வெண்ணெய்ப் பலகாரத்துக்காக. 1860 வாக்கில் இதே ஊரில், இவ்-ரெனே ஸ்கோர்தியா என்ற ரொட்டிக்காரர் உண்டாக்கியது. கூட்டமான ஒரு நாளில் பலகாரம் தீர்ந்துபோய், கையில் இருந்த ரொட்டி மாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் வைத்துச் சமாளித்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். இந்த ஊர்க் கணக்கில் மாவு நாலு பங்கு என்றால் வெண்ணெய் மூன்று, சர்க்கரை மூன்று. ஆக, பாதிக்கு மேல் மாவே இல்லை!

கடைக்காரப் பெண்ணிடம் முட்டை உண்டா என்று கேட்டோம். ஏதோ தகாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். மூன்று விரலை விரித்து ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார்: மாவு, வெண்ணெய், சர்க்கரை. மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமே. வந்த நாளில் இருந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவளுக்கு, முதல் முறையாகக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பது கிடைத்தது. ஒரு துண்டு மூன்று யூரோவுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு வாங்கினோம். இப்போதே சாப்பிடுவீர்களா, பிறகா என்று கேட்டு, பிறகு என்றால் அடுப்பில் சூடு பண்ண வேண்டும், மைக்ரோவேவ் மட்டும் ஆகவே ஆகாது என்று எங்களிடம் வாக்குறுதி வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

ரோஸ்மர் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம். காகிதம் அதற்குள் எண்ணெய்க் காகிதமாகிவிட்டிருந்தது. மேலே சர்க்கரை உருகிக் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. அடிப்பக்கம் பாகாகி, கெட்டியாகி, பல்லோடு ஒட்டுகிறது. நடுவில் அடுக்கடுக்காக, கிட்டத்தட்ட வேகாத மாதிரி மெத்து. உப்பு வெண்ணெய் என்பதால் திகட்டுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆனால் திகட்டும். பாதித் துண்டோடு நான் நிறுத்திக்கொண்டு மீதியை மடியில் வைத்தேன்.

பின்னால் இருந்து ஏதோ தோளில் அடித்தது. கடற்புறா. நிமிர்வதற்குள் காகிதத்தோடு மேலே போய்விட்டது. இரண்டாவது ஒன்று மனைவியை நோக்கி வர, அவள் மிச்சத்தை மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டு குடையை விரித்தாள். பக்கத்துப் பெஞ்சில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழன்றுவிடும் போலிருந்தது. எழுந்து வந்து, மடியில் ஒட்டிய சர்க்கரையைத் துடைக்கத் துணி கொடுத்தார். துணியில் மத்தி வாசனை.

அக்டோபர் 8, புதன்கிழமை – கேம்பேர்

நாள் முழுக்க மழை. சாந்த்-பிரான்சுவா சந்தைக்குள்ளேயே பொழுது போனது. கறுப்புக் கோதுமை என்று இவர்கள் சொல்லும் பக்வீட் மாவில் சுடுகிற கலெத், தோசைக்கல்லைவிடப் பெரிய கல்லில். மாவில் முட்டை சேர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சீஸ் மட்டும் வைத்து வாங்கினோம். மொறுமொறுப்பாக இருந்தது. சுடுகிற பெண் மரக்கரண்டியால் மாவை ஒரே சுழற்றில் பரப்பியதை மனைவி தொழில்முறை அக்கறையோடு பார்த்துவிட்டு, "மாவு இன்னும் கொஞ்சம் புளிச்சிருக்கலாம்" என்றாள்.

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை – சார்செல்

நேற்றைய நாளை எழுத ஒன்றும் இல்லை. திரும்பும் ரயில் நடுவழியில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பையில் இருந்து ரொட்டியை எடுத்தார்கள். எதிர் சீட் அம்மா சீஸ் கொடுத்தார், நாங்கள் மனைவி கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தோம். ஊறுகாயை வெண்ணெய் மேல் தடவிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அத்தை வீட்டில் இன்று காலை, நாங்கள் இல்லாத நாட்களில் மிஞ்சிய ரொட்டியெல்லாம் ஒரு பை நிறையச் சேர்ந்திருந்தது. ஒரு நாள் தாண்டினால் பாகெத் உலக்கையாகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் அதைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்துப் பொரித்துவிடுவார்கள். புரட்டாசி என்பதால் அத்தை வேறு வழிக்குப் போனார். ரொட்டியைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு உதிர்த்தார். லா சப்பல் கறிவேப்பிலை, கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து உப்புமா. மேல் தோல் துண்டுகள் மட்டும் முழுக்க ஊறாமல் அங்கங்கே முறுக்காக நின்றன. அதுதான் அதில் நல்ல இடம். நான் இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

மாமா தட்டைத் தள்ளிவிட்டார். "ராணுவத்துல இருந்தப்பகூட இப்படி ஒரு கொடுமையைப் பார்த்ததில்லை மாப்ளே."

"ஆமா, நாற்பது வருஷமா தட்டைத் தள்ளிட்டு, அப்புறம் ராத்திரி சட்டியில இருந்து எடுத்துத் திங்கிற ஆளுதான்" என்றார் அத்தை அடுப்பங்கரையில் இருந்து.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மணி பதினொன்று, இரண்டாவது அடுப்பு இறங்கும் நேரமாம். மனைவி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவளும் போகிறாள்.